முதல் சோலோ முதல் கடைசிப் பறப்பு வரை: ஐதராபாத் விமானிகளின் நினைவுகள்

ஓய்வுபெற்ற விமானப்படை விமானிகள் இருவர் சந்தித்தால் பேச்சு போர்க்களத்தில் தொடங்குவது அபூர்வம். எந்த கோர்ஸ், முதல் பயிற்றுநர் யார், சோலோ போனது எந்த விமானத்தில் என்று பயிற்சிக் காலத்திலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும். பதவி உயர்வும் பதக்கமும் பிறகுதான் வரும். இந்திய விமானப்படை விமானிகளில் பெரும்பாலோருக்கு அந்தத் தொடக்கம் ஐதராபாத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. நகரின் நடுவே பேகம்பேட்டை, வடக்கே ஹக்கீம்பேட்டை, வடமேற்கே துண்டிகல் என்று மூன்று விமானத் தளங்கள் அங்கே உள்ளன. சற்றுத் தள்ளி, கர்நாடக எல்லைக்குள் பீதர் இருக்கிறது. ஒரு தலைமுறை விமானியின் இளமை நினைவுகள் இந்த நான்கு ஊர்ப் பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

ஐதராபாத்துக்கும் போர் விமானத்துக்கும் உள்ள தொடர்பு, சுதந்திர இந்தியாவின் விமானப்படையைவிட வயதில் மூத்தது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 110ஆவது ஸ்குவாட்ரன் பிரான்சுக்குச் சென்றபோது, அதன் டி.எச்.9ஏ விமானங்கள் ஐதராபாத் மன்னரான நிஜாமின் கொடையாக வந்தவை. அதனால் அதற்கு ஐதராபாத் ஸ்குவாட்ரன் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களை ஓட்டிய 152ஆவது ஸ்குவாட்ரனும் ஐதராபாத் பெயரைத் தாங்கியது. அதன் சின்னத்தில் இடம்பெற்றது நிஜாமின் தலைப்பாகை. அந்தப் போர்க்காலத்தில் பேகம்பேட்டையில் தொடக்கநிலை விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று இயங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் இறக்கை இரண்டடுக்காக அமைந்த டைகர் மாத் விமானங்களில் அங்கே பறக்கப் பழகினர்.

இந்த நகரம் தந்த விமானிகளில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இத்ரிஸ் ஹசன் லத்தீஃப். 1923 ஜூன் 9 அன்று ஐதராபாத்தில் பிறந்தவர். தந்தை ஐதராபாத் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர். நிஜாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த லத்தீஃப் பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்தார். அம்பாலாவில் பயிற்சி முடித்து 1942இல் அதிகாரியானார். கராச்சியில் கடலோரக் காவல் பிரிவு ஒன்றில் முதல் பணி. அரபிக்கடலின் மேல் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறக்க வேண்டும். அதற்குக் கொடுக்கப்பட்டவை வாபிட்டி, ஆடாக்ஸ், ஹார்ட் போன்ற பழைய விமானங்கள்.

வாபிட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1933 ஏப்ரல் 1 அன்று இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் கராச்சியில் உருவானபோது அதன் கையில் இருந்தவை நான்கே நான்கு வாபிட்டிகள். விமானி அமரும் இடத்துக்கு மேல்மூடி கிடையாது. காற்றும் எஞ்சின் சத்தமும் எண்ணெய்ப் புகையும் நேராக முகத்தில் வந்து அடிக்கும். மணிக்கு இருநூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டுவதுதான் அதன் உச்ச வேகம். கடலின் மேல் எஞ்சின் நின்றுபோனால் இறங்க இடம் ஏது? அலைகளைப் பார்த்தே காற்றின் திசையைக் கணித்து, கைக்கடிகாரத்தையும் திசைகாட்டியையும் நம்பிக் கரை திரும்ப வேண்டும். இருபது வயது நிரம்பாத இளைஞர்கள் அந்த விமானங்களில்தான் மணிக்கணக்கில் கடலைச் சுற்றினார்கள். பறப்பது என்றால் என்ன என்பதைத் தோலால் உணர்ந்த கடைசித் தலைமுறை அது.

1943இல் பிரிட்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட சில இந்திய விமானிகளில் லத்தீஃபும் ஒருவர். ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களை அங்கே ஓட்டினார். 1944இல் நாடு திரும்பிப் பர்மா போர்முனைக்குச் சென்றார். அடர்ந்த காடு, அடைமழை, மலை இடுக்குகளில் தாழ்ந்து நிற்கும் மேகம் எல்லாம் சேர்ந்து எதிரியின் துப்பாக்கிக்கு இணையாக விமானிகளைக் காவு வாங்கிய களம் அது. அங்கே ஒரே மெஸ்ஸில் உண்டு, ஒரே ஓடுபாதையிலிருந்து எழும்பிய இளைஞர்களிடையே உருவான உறவு, இன்று படிக்கும்போது வியப்பளிப்பது. அஸ்கர் கானும் நூர் கானும் அந்தக் காலத்து நண்பர்கள். பின்னாளில் இருவரும் அடுத்தடுத்துப் பாகிஸ்தான் விமானப்படையின் தலைவர்கள் ஆனார்கள்.

1947இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. விமானங்கள், கருவிகள், மேசை நாற்காலிகள் வரை கணக்குப் பார்த்துப் பங்கிடப்பட்டன. முஸ்லிம் அதிகாரிகள் எந்தப் படையில் சேர்வது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பாகிஸ்தானுக்கு வந்துவிடும்படி நண்பர்கள் லத்தீஃபை அழைத்தார்கள். அழைப்பில் அன்பும் இருந்தது, புதிய படையில் விரைவாக மேலே வரலாம் என்ற நியாயமும் இருந்தது. லத்தீஃப் மறுத்துவிட்டார். மதம் வேறு, நாடு வேறு என்பது அவருடைய நிலை. அந்த நாளில் அவர் பிறந்த ஐதராபாத் இந்தியாவுடன் இன்னும் இணைந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த முடிவின் எடை விளங்கும். சமஸ்தானம் இணைந்தது 1948 செப்டம்பரில். சொந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத வேளையில் இருபத்து நான்கு வயது அதிகாரி ஒருவர் தன் நாடு எது என்று தீர்மானித்தார். அவர் வாழ்க்கையில் பின்னால் வந்த பதவிகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு முடிவே பெரியது என்று துணிந்து சொல்லலாம்.

பிறகு வந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் வாஷிங்டன் தூதரகத்தில் விமானப்படைப் பிரதிநிதி. 1971 போரின்போது தலைமையகத்தில் திட்டமிடும் பொறுப்பு. 1978 செப்டம்பர் முதல் 1981 ஆகஸ்ட் வரை விமானப்படையின் தலைமைத் தளபதி. இந்தியாவில் அப்பதவியை வகித்த முதல் முஸ்லிம் அவர். ஜாகுவார் விமானங்கள் வந்ததும், 1979 ஜூலையில் முதல் இரண்டும் அம்பாலாவில் தரையிறங்கியதும் அவர் காலத்தில்தான். மிக்-25 வந்ததும் அப்போதுதான். பணிக்காலத்தின் கடைசி நாட்களில் அந்த மிக்-25இல் அவர் பறந்தார். ஒலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமும், இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரமும் எட்டக்கூடிய விமானம் அது. அந்த உயரத்தில் பகலிலேயே வானம் கருநீலமாகத் தெரியும், பூமியின் விளிம்பு வளைந்து காணப்படும். கூரையில்லாத வாபிட்டியில் தொடங்கி மிக்-25இல் முடிந்த நாற்பது ஆண்டுப் பணிக்காலம் அவருடையது. விமான வரலாற்றின் பெரும் பாய்ச்சல் ஒரே மனிதரின் பணிக்காலத்துக்குள் நடந்திருக்கிறது. அவருக்குப் பின் வந்த எந்தத் தலைமுறைக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

லத்தீஃப் தளபதியாக உயர்வதற்கு முன்பே ஐதராபாத்தின் வடமேற்கில் விமானப்படைக்கென ஒரு தனி உலகம் எழுந்துவிட்டது. 1967 அக்டோபர் 11 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் துண்டிகல்லில் விமானப்படை அகாடமிக்கு அடிக்கல் நாட்டினார். தக்காணத்தின் உருண்டைப் பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த பரந்த நிலம். மேலே எழும்பினால் ஏரிகளின் பளபளப்பும், தொலைவில் மஞ்சீரா ஆற்றின் வளைவுகளும் தெரியும். கோடையில் சூடேறிய பாறைகளிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று சிறிய பயிற்சி விமானங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் விடிந்தும் விடியாத பொழுதிலேயே பறப்பு தொடங்கிவிடும்.

இங்கே பயின்ற எவரிடம் கேட்டாலும் முதலில் வருவது சோலோவின் நினைவுதான். பயிற்றுநர் இல்லாமல் தனியாக விமானத்தை எழுப்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தரையிறக்கிக் காட்டுவது சோலோ. அது எப்போது என்று பயிற்சி பெறும் கேடட்டுக்கு முன்கூட்டித் தெரிவது குறைவு. வழக்கம்போல் இருவரும் சில முறை ஏறி இறங்குவார்கள். பிறகு பயிற்றுநர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். இறங்கும் முன் தன் இருக்கையின் பெல்ட்டுகளைத் தொங்கவிடாமல் இறுக்கிக் கட்டுவார். தளர்ந்த பட்டை கட்டுப்பாட்டுக் கோலில் சிக்கினால் ஆபத்து. அந்தப் பெல்ட் கட்டும் சில நொடிகள் பல விமானிகளின் மனத்தில் கடைசிவரை நிற்கின்றன. அதுவரை குறை சொல்லிக்கொண்டே இருந்த குரல் காதில் இல்லை. ஓர் ஆளின் எடை குறைந்ததால் விமானம் பழகியதைவிடச் சுறுசுறுப்பாக மேலே ஏறுகிறது. இடப்பக்கம் திரும்பி ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும்போது கேடட் தனக்குத் தானே உரக்கச் சொல்லிச் சரிபார்ப்புகளைச் செய்கிறார். மறுபடி இருமுறை திரும்பினால் ஓடுபாதை நேர் எதிரே வந்து நிற்கும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடம்தான் ஒருவரை விமானியாக்குகிறது. கீழே நிற்கும் பயிற்றுநருக்கு அந்தப் பத்து நிமிடமும் நகராது.

அந்தப் பயிற்றுநர்கள் உருவாகும் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. விமானப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இயங்கிவருகிறது. பறக்கத் தெரிந்தவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பள்ளி அது. கேடட் தவறு செய்யும்போது எந்தக் கணம்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்கலாம், எந்தக் கணத்தில் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்தே தீர வேண்டும் என்பதுதான் அங்கே கற்கும் பாடங்களில் கடினமானது. சீக்கிரம் எடுத்தால் மாணவர் கற்கமாட்டார். தாமதித்தால் இருவருக்கும் ஆபத்து. துண்டிகல்லில் ஒரு கேடட் நிம்மதியாகத் தரையிறங்குவதற்குப் பின்னால் தாம்பரத்தின் வானமும் இருக்கிறது.

தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு பிரிவினர் தரையில் நிற்பவர்கள். விமானம் கிளம்புவதற்கு முன் விமானி ஒரு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். படிவம் 700 என்பது அதன் பெயர். அதில் ஏற்கெனவே மெக்கானிக்குகளின் கையெழுத்துகள் இருக்கும். எஞ்சினைப் பார்த்தவர், மின்சார இணைப்பைப் பார்த்தவர், எரிபொருள் நிரப்பியவர் என்று ஒவ்வொருவரும் தன் பொறுப்பை எழுதித் தந்திருப்பார். அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் விமானி தன் கையெழுத்தைப் போடுகிறார். பாதுகாப்புப் பின்களைக் கழற்றியதும் சிவப்பு நாடா தொங்கும் அந்தப் பின்களை ஒரு ஏர்மேன் உயர்த்திக் காட்டுவார். விமானி எண்ணிப் பார்த்துத் தலையசைப்பார். பிறகுதான் சக்கரக் கட்டைகள் அகலும். தாம்பரத்தில் உள்ள இயந்திரப் பயிற்சி நிறுவனத்தில் பயின்ற ஏர்மேன்கள் நாட்டின் தளங்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்கிறார்கள். விமானியின் நினைவுக் குறிப்புகள் அச்சேறிய அளவுக்கு இவர்களுடைய நினைவுகள் அச்சேறவில்லை. அது பெரிய குறை.

பயிற்சி விமானங்களும் தலைமுறைக்குத் தலைமுறை மாறின. மூத்தவர்களுக்கு எச்.டி.2, அடுத்தவர்களுக்கு எச்.பி.டி.32 தீபக், 2013க்குப் பின் வந்தவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.7. முதல்நிலை தாண்டியவர்களுக்குக் கிரண் ஜெட். வி.எம். காட்கே தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 1964இல் முதன்முதலாகப் பறந்த கிரண், அரை நூற்றாண்டுக்கும் மேலாக இளைஞர்களைச் சுமந்திருக்கிறது. தீபக்கின் நினைவு மட்டும் இருவகையாக இருக்கிறது. பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பழகிய பாசம் ஒருபுறம். வானில் எஞ்சின் அணைந்துபோகும் கோளாறு மறுபுறம். ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கை வசதியும் அதில் இல்லை. 2009 ஜூலையில் மேதக் மாவட்டத்தில் நடந்த விபத்தில் இரு விமானிகள் இறந்த பிறகு அந்த விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2023 டிசம்பர் 4 அன்று துண்டிகல்லிலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் ஒன்று அதே மேதக் பகுதியில் தூப்ரான் அருகே விழுந்து பயிற்றுநரும் கேடட்டும் உயிரிழந்தனர். விமானிகளின் இனிய நினைவுகளைப் பேசும்போது இவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது. ஒவ்வொரு கோர்ஸின் குழுப்படத்திலும் இடையில் போய்விட்ட முகங்கள் உண்டு.

1994இல் துண்டிகல்லின் வரலாற்றில் ஒரு புதிய வரிசை நின்றது. பெண்களின் முதல் அணி அங்கே பறக்கப் பயின்றது. அவர்களில் ஒருவரான ஹரீதா கவுர் தியோல் அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஆவ்ரோ விமானத்தைத் தனியாக ஓட்டினார். இந்திய விமானப்படையில் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1996 டிசம்பரில், ஆந்திரப் பிரதேசத்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது இருபத்தைந்து. போர் விமானத்தைப் பெண்கள் ஓட்டப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 ஜூன் 18 அன்று துண்டிகல் அணிவகுப்பில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவுக்கு அதிகாரிகளாக வெளிவந்தனர். அதற்கு முன் ஹக்கீம்பேட்டையில் கிரண், அடுத்து பீதரில் ஹாக். 2018 பிப்ரவரியில் அவனி ஜாம்நகரிலிருந்து மிக்-21 பைசன் விமானத்தைத் தனியாக ஓட்டினார். இவ்வளவு காலம் தாமதித்திருக்க வேண்டியதில்லை.

பயிற்சி முடிவில் நடக்கும் அந்த அணிவகுப்பு, பயின்றவர்கள் யாரும் மறக்காத காலை. படைத்துறைப் பயிற்சிகளில் எத்தனையோ அணிவகுப்புகள் உண்டு. இது பெற்றோர் பார்த்திருக்க நடப்பது. கிராமத்திலிருந்து முதன்முறையாக ரயிலேறி வந்த தாய் தந்தையரும் சிறப்பு விருந்தினர் வரிசைக்கு அருகே அமர்ந்திருப்பார்கள். மார்பில் இறக்கைச் சின்னம் குத்தப்படும். உறுதிமொழி முடிந்ததும் புதிய அதிகாரிகள் தாகூர் இயற்றிய ஆனந்தலோக் பாடலின் இசைக்கு மெதுநடை போட்டு வெளியேறுவார்கள். அப்போது அவர்களுக்கு அடுத்த அணியின் கேடட்டுகள் சல்யூட் அடிப்பார்கள். வாழ்க்கையில் வாங்கும் முதல் சல்யூட் அது. நேற்றுவரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுத் தண்டித்த பயிற்சியாளர்களும் இன்று சார் என்று அழைப்பார்கள்.

லத்தீஃப் படித்த அதே நிஜாம் கல்லூரி இன்னொரு விமானியையும் தந்தது. பாட்டியாலாவில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ராகேஷ் சர்மா, 1971 போரில் மிக்-21 ஓட்டியவர். 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இல் ஏறி சல்யுத்-7 விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். ஏறக்குறைய எட்டு நாட்கள் விண்வெளியில் இருந்தார். மைசூரின் உணவு ஆய்வுக்கூடம் கட்டித்தந்த இந்திய உணவைச் சக வீரர்களுடன் பகிர்ந்து உண்டார். எடையற்ற நிலையில் யோகாசனம் செய்து பார்த்தார். இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டதற்கு இக்பால் பாடலின் முதல் அடியையே பதிலாகச் சொன்னார். நாடு முழுவதும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அதைக் கேட்டது. பிற்காலத்தில் சோதனை விமானியாகப் பணியாற்றிவிட்டு அவர் வந்து குடியேறியது நீலகிரியின் குன்னூரில். தமிழ்நாட்டுக்கு அது பெருமை.

லத்தீஃபின் ஓய்வுக்காலம் சும்மா கழியவில்லை. 1982 முதல் 1985 வரை மகாராஷ்டிர ஆளுநர், பிறகு பிரான்சில் தூதர். பம்பாயில் இருந்தபோது அவர் மனைவி பில்கீஸ், தமிழர்கள் நெருக்கமாக வாழும் தாராவிக்குள் சென்று அங்குள்ள பெண்களுக்காக உழைத்தார். கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 1969 முதல் 1973 வரை தளபதியாக இருந்த பி.சி. லாலின் நினைவு நூலும் அவர் மறைந்த பின், 1986இல், மனைவி ஈலா லால் தொகுத்து வெளிவந்தது. வானில் கழிந்த வாழ்க்கையைக் காகிதத்தில் இறக்கியவர்கள் இரண்டு முறையும் வீட்டில் காத்திருந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. பில்கீஸ் 2017 அக்டோபரில் மறைந்தார். லத்தீஃப் 2018 ஏப்ரல் 30 அன்று, பிறந்த ஐதராபாத்திலேயே, தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.

ஆங்கிலத்தில் இத்தகைய நூல்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. தமிழில் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை. விமானப்படைக்கு எஸ். கிருஷ்ணசுவாமி என்ற தலைமைத் தளபதியைத் தந்த மொழி இது. தாம்பரம், சூலூர் விமானத் தளங்கள் இருக்கும் மண் இது. ஓய்வுபெற்ற விமானிகளும் ஏர்மேன்களும் தமிழ்நாட்டின் ஊர்களில் இருக்கிறார்கள். லாக்புக் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதில் தேதியும் விமான எண்ணும் பறந்த நேரமும்தான் உண்டு. அன்று வானம் எப்படி இருந்தது, பயிற்றுநர் என்ன சொன்னார், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ மாமாவோ இருந்தால், இந்த விடுமுறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவைப் போட்டு, முதல் சோலோவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.